குறூசர் மோட்டார் சைக்கிள்: யாழ்ப்பாண வீதிக்கும் என் கையிருப்புக்கும் எது பொருந்தும்?

கொக்குவில்காரன் எழுதியது:

வணக்கம் உறவுகளே. குறூசர் வகை மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போதுதான் கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் இங்கே அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வீடு கொக்குவிலில், வேலை சாவகச்சேரியில். போக வர நாளுக்கு முப்பது கிலோமீற்றர் அளவில் ஓடுகிறேன். மாதம் ஒருமுறை மனைவியோடு வவுனியாவில் மாமி வீட்டுக்குப் போவோம். ஒருவழிக்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றர். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இப்போது இருப்பது 100 சிசி வண்டி. அதில் வவுனியா போய் இறங்கும்போது இடுப்பும் மணிக்கட்டும் விறைத்துப் போகின்றன. மனைவி வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் இறங்கியதும் ஐந்து நிமிடம் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நான்கு வண்டிகள் மனதில் இருக்கின்றன. பாவித்த பஜாஜ் அவெஞ்சர் 220, அதே குடும்பத்தில் சிறியதான அவெஞ்சர் ஸ்ட்ரீட் 160, ரோயல் என்பீல்ட் மீட்டியோர் 350, அல்லது ஜப்பானில் இருந்து முன்பு வந்த 250 சிசி வண்டிகளில் ஒன்று. பாவித்த 220 என்றால் கடனில்லாமல் வாங்கலாம். மீட்டியோர் என்றால் லீசிங் போட வேண்டும். அழகைப் பார்த்தால் மீட்டியோர்தான் கண்ணில் நிற்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

பழைய பெனலி எழுதியது:

தம்பி, நேரடியாகக் கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். மாதத்தில் 25 நாள் சாவகச்சேரி, ஒருமுறை வவுனியா. இதில் எதற்காக வண்டி வாங்குகிறீர்கள்?

கணக்குப் பாருங்கள். வேலைக்கு மாதம் 750 கிலோமீற்றர், வவுனியாவுக்குப் போய்வர 280. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் சிறிய வண்டிக்கு 17 லீற்றர் பெற்றோல் போதும். 220 சிசி குறூசர் 38 ஓடும் என்று வைத்தால் 27 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 3,000 ரூபாய் மேலதிகம். வருடத்துக்கு 36,000.

பெற்றோலைப் பற்றி யாழ்ப்பாணத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் இது. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். என்னுடைய ஹொண்டா சிடி 125 பெனலி அப்படி ஓடிய வண்டி, இன்றும் ஓடுகிறது. அது பழைய கதை என்று நினைத்தால் 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. 38 ஓடும் வண்டிக்கு அது 152 கிலோமீற்றர். உங்கள் ஐந்து நாள் வேலைப் பயணத்துக்கே அது சரி. மருந்துக் கடைக்குப் போகவும் மிச்சம் இராது.

நல்ல 125 சிசி வண்டி ஒன்றை வாங்கி, மிச்சக் காசை வங்கியில் போடுங்கள். வவுனியாவுக்குப் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன.

திருகுசாவி எழுதியது:

பெனலி ஐயா சொல்லும் பெற்றோல் கணக்கு சரி. ஆனால் தம்பி சொன்ன இடுப்பு வலி, மணிக்கட்டு வலி இரண்டுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. நான் கராஜ் வைத்திருப்பவன். வண்டியோடு சேர்த்து ஓட்டுபவரின் உடம்பையும் பார்ப்பது என் வழக்கம்.

குறூசர் என்றால் பெரிய எஞ்சின் என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் பிறகுதான் வரும். இருக்கை தாழ்வு, கால்மிதி முன்னால், ஹாண்டில் உங்களை நோக்கிப் பின்னால் வளைந்து வரும், இரண்டு சில்லுகளுக்கும் இடையே தூரம் அதிகம். இந்த நான்கும் சேர்ந்ததுதான் குறூசர். நிமிர்ந்து இருக்கலாம், மணிக்கட்டில் உடம்பின் பாரம் விழாது, நேர் வீதியில் வண்டி ஆடாமல் போகும். வவுனியா போகும் ஏ9 வீதியில் பரந்தன் தாண்டி மாங்குளம் வரை ஒரே சீராகப் போகும் ஓட்டத்துக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கால் முன்னால் நீட்டியிருப்பதால் உடம்பின் பாரம் முழுவதும் முள்ளந்தண்டின் அடிநுனியில் இறங்கும். சாதாரண வண்டியில் கிடங்கு வந்தால் காலை ஊன்றி உடம்பைச் சற்று உயர்த்துவோம் அல்லவா? குறூசரில் அது முடியாது. கிடங்கின் அடி நேராக முதுகுக்குத்தான் வரும். ஆகவே உங்களுக்கு இருப்பது எந்த வகை இடுப்பு வலி என்று முதலில் தெரிய வேண்டும். குனிந்திருந்து வரும் வலி என்றால் குறூசரில் குறையும். முள்ளந்தண்டுத் தட்டில் ஏற்கெனவே பிரச்சினை என்றால் கூடும். வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஒழுங்கை. அவெஞ்சர் 220 வண்டியில் இரண்டு சில்லுகளின் மையங்களுக்கும் இடையே 1490 மில்லிமீற்றர். உங்கள் 100 சிசி வண்டியைவிட ஏறத்தாழக் கால் மீற்றர் நீளம். கொக்குவிலிலும் தாவடியிலும் இருபக்கமும் மதில் எழும்பிய ஒழுங்கைகளில் இதை ஒரே வீச்சில் திருப்ப முடியாது. முன்னே போய், பின்னே தள்ளி, மறுபடி முன்னே போக வேண்டும். அவெஞ்சர் 220 எடை 163 கிலோ, மீட்டியோர் 191 கிலோ. இந்த 28 கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியாது. வாய்க்காலுக்கு மேலே ஏற்றமாக இருக்கும் படலைக்குள், மழை நாளில், பின்பக்கமாகத் தள்ளி ஏற்றும்போது நன்றாகத் தெரியும்.

உயரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். அவெஞ்சரின் இருக்கை 737 மில்லிமீற்றர், மீட்டியோரின் இருக்கை 765. ஐந்தடி நான்கு அங்குலத்துக்கு இரண்டிலும் பாதம் தரையில் படும். 737 இல் குதிக்கால் வரை முழுப் பாதமும் படியும். 765 இல் இருக்கை சற்று அகலமாதலால் சிலருக்குக் குதிக்கால் கொஞ்சம் தூக்கும். இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பின்னிருக்கை எழுதியது:

நான் நெல்லியடி. எங்கள் வீட்டில் அவெஞ்சர் இருக்கிறது. இதுவரை எழுதிய இருவரும் முன்னால் இருப்பவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். மாதத்தில் 280 கிலோமீற்றர் பின்னால் இருந்து போகிறவர் மனைவி. அவரைப் பற்றியும் பேச வேண்டும்.

குறூசரில் முன்னிருக்கை அகலமானது, பள்ளமானது, மெத்தென்றிருக்கும். பின்னிருக்கை பெரும்பாலும் அதைவிட ஒடுக்கம், மெல்லியது, ஒரு படி உயரம். காலை இருபக்கமும் போட்டு இருந்தால் முதுகுச் சாய்வுப் பட்டி பெரிய உதவி. கை ஓயும்போது சாய்ந்துகொள்ளலாம். சேலையோடு ஒருபக்கமாக இருந்தால் அதே பட்டி இடுப்பில் இடிக்கும். நல்லூர்த் தேருக்குப் போவதும் கலியாண வீட்டுக்குப் போவதும் சேலையோடுதான். வவுனியாவுக்குப் போவது சுரிதாரோடு. இரண்டு தேவைக்கும் ஒரே இருக்கை. ஆகவே சாய்வுப் பட்டியைக் கழற்றிப் பூட்டக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். சேலைக் காப்புக் கம்பி இல்லாத பாவித்த வண்டி என்றால் முதல் வேலையாக அதைப் பூட்டுங்கள். அழகுக்காகக் கழற்றி எறிந்தவர்கள் நிறையப் பேர். சேலைத் தலைப்புப் பின் சில்லில் சிக்கினால் என்ன நடக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. வண்டி பார்க்கப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். காட்சியறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓடினால் போதாது. நூறு கிலோமீற்றருக்குப் பிறகு தெரியும் குறை அரைக் கிலோமீற்றரில் தெரியாது. தெரிந்தவர் யாரிடமாவது அதே வண்டி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி, கொடிகாமம் வரையாவது இருவருமாகப் போய் வாருங்கள்.

உங்கள் மனைவி ஓட்டுவாரா? ஓட்டுவார் என்றால் இருக்கை தாழ்வாக இருப்பது அவருக்கும் வசதி. நான் எங்கள் வண்டியைப் பருத்தித்துறை வரை ஓட்டுவேன். நிறுத்தும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றுவதால் பயமில்லை. கடையடியில் நெருக்கமாக விட்டால் வெளியே இழுத்தெடுக்கத்தான் ஆள் தேவைப்படுகிறது.

சோளகம் எழுதியது:

நான் காரைநகர். மீட்டியோர் ஓட்டுகிறேன். எனக்கு அந்த வண்டி பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

எண்களில் பார்த்தால் அவெஞ்சர் 220 வண்டியின் குதிரைவலு 19, மீட்டியோருக்கு 20. இதற்கா இவ்வளவு காசு என்று கேட்கத் தோன்றும். வித்தியாசம் முறுக்குவிசையில், அதாவது எஞ்சின் சில்லைத் திருகும் பலத்தில் இருக்கிறது. அவெஞ்சர் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 17.5 நியூட்டன் மீற்றர் தருகிறது. மீட்டியோர் 4,000 சுற்றிலேயே 27 தருகிறது. ஆனையிறவுக்கு அப்பால் மனைவி பின்னால் இருக்க, பையும் கட்டியிருக்க, முன்னால் நெல் ஏற்றிய லொறி. அவெஞ்சரில் ஒரு கியர் குறைத்து எஞ்சினைக் கத்தவிட்டுத்தான் முந்துவோம். மீட்டியோரில் அதே கியரில் கையைத் திருகினால் போதும். இரண்டு சில்லுக்கும் டிஸ்க் பிறேக், இரண்டுக்கும் சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ். மழையில் நனைந்த வீதியில் மாடு குறுக்கே வரும்போது அந்தக் காசு வீணில்லை என்று தெரியும். வன்னிப் பக்கம் இரவில் மாடு படுக்காத வீதி எது?

கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விடயம். குறூசரின் அழகே குறோம் பூச்சு. உப்புக்காற்றுக்கு அதுதான் முதல் இரை. சைலன்சர், முன் ஷொக், ஸ்போக் கம்பி, ஹாண்டில் ஆணிகள் என்று வரிசையாகத் துரு ஏறும். தீவகத்தில் பல கிணறுகளின் தண்ணீர் உவர். அதில் வண்டி கழுவினால் கழுவாமல் விடுவதைவிடக் கேடு. நான் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பேன், பிறகு மெல்லிய ஒயில் பூசுவேன். வாங்கும்போதே குறோம் குறைந்த, கறுப்புப் பூச்சு வண்டியைத் தெரிவு செய்தால் பாதி வேலை மிச்சம். கொக்குவில் கடலுக்குச் சற்றுத் தள்ளி இருந்தாலும், நீங்கள் நாவற்குழிப் பாலத்தால் நாளும் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

காற்றையும் சொல்ல வேண்டும். சோளகக் காலத்தில் பொன்னாலைப் பாலத்திலும் ஆனையிறவிலும் பக்கவாட்டில் அடிக்கும் காற்று வண்டியைத் தள்ளும். உயரமான கண்ணாடி பூட்டினால் எதிர்காற்றுக்கு நெஞ்சு தப்பும், ஆனால் பக்கக்காற்று அந்தக் கண்ணாடியையே பிடித்துத் தள்ளும். நடுத்தர உயரம் போதும்.

புத்தூர் இளையவன் எழுதியது:

அண்ணாமார், 160 வாங்கி ஹாண்டிலை உயர்த்தி, சைலன்சரை மாற்றினால் பெரிய வண்டி மாதிரி வராதா? செலவும் குறைவு. 160 எவ்வளவு வேகம் போகும்?

திருகுசாவி எழுதியது:

தம்பி, ஹாண்டிலை உயர்த்தினால் கிளட்ச் கேபிளும் பிறேக் குழாயும் நீளம் போதாமல் இழுபடும். முழுதாகத் திருப்பும்போது கிளட்ச் தானாக இழுபட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சத்தமான சைலன்சருக்குப் பொலிஸார் மறிப்பார்கள், மறிப்பது நியாயமும்கூட. ஒழுங்கைகளில் நோயாளிகளும் குழந்தைகளும் இருக்கிறார்கள். வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. நாம் ஓடும் எந்த வீதிக்கும் 160 போதிய வேகம் போகும்.

கொக்குவில்காரனுக்கு 160 பற்றி: எடை 156 கிலோ, குதிரைவலு 15. இருக்கை அதே 737. தனியாகச் சாவகச்சேரிக்கு ஓடுவதற்கு அருமையான வண்டி, பெற்றோலும் 220 அளவுக்குக் குடிக்காது. ஆனால் இருவராக, சுமையோடு, மாதாமாதம் வவுனியா என்றால் எஞ்சின் எப்போதும் முழு மூச்சில் ஓட வேண்டியிருக்கும். வவுனியா இல்லாவிட்டால் நான் 160 என்றுதான் சொல்லியிருப்பேன்.

கொக்குவில்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வைத்தியரிடம் காட்டினேன். முள்ளந்தண்டில் குறை எதுவும் இல்லை, குனிந்த இருப்பால் வரும் வலி என்றார்.

பெனலி ஐயா, நீங்கள் சொன்ன 3,000 ரூபாய் மேலதிகச் செலவை நானும் மனைவியும் இருந்து பேசினோம். அது தாங்கக்கூடியது. பஸ்ஸில் போகலாம் என்பதும் உண்மை. ஆனால் வழியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஆறுதலாகப் போவது எங்கள் இருவருக்கும் பிடித்த பயணம்.

இப்போது கேள்வி லீசிங். சோளகம் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு மீட்டியோர் பக்கம் மனம் சாய்கிறது. ஏறத்தாழ 5 இலட்சம் கடன் தேவைப்படும். ஒரு நிறுவனத்தில் 12 வீத வட்டி என்கிறார்கள், இன்னொன்றில் 18 என்கிறார்கள். 12 தானே நல்லது?

கைதடிக் கணக்கர் எழுதியது:

லீசிங் துறையில் பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த 12 தட்டை வட்டியா, குறைந்து செல்லும் மீதியின் மீதான வட்டியா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

உதாரணத்துக்கு 5 இலட்சம், மூன்று வருடம், 36 தவணை.

12 வீதம் தட்டை வட்டி என்றால், நீங்கள் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 5 இலட்சத்துக்கும் மூன்று வருடமும் கணக்கிடப்படும். வருடத்துக்கு 60,000, மூன்று வருடத்துக்கு 1,80,000. மொத்தம் 6,80,000, மாதத் தவணை 18,889 ரூபாய்.

18 வீதம் குறைந்து செல்லும் மீதிக்கு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 18,076 ரூபாய். மொத்தம் 6,51,000 அளவில் வரும்.

பார்த்தீர்களா? 12 என்று சொன்னது 18 என்று சொன்னதைவிட 29,000 ரூபாய் அதிகம். வீதத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், முதலில் கட்ட வேண்டிய கட்டணங்கள் எவை, இடையில் முழுதாகக் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பீர்கள்" என்று நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டியின் பெறுமதியில் எவ்வளவு பங்கைக் கடனாகக் கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கியின் உச்சவரம்பு இருக்கிறது. அது அவ்வப்போது மாறும். ஆகவே முற்பணம் எவ்வளவு தேவை என்பதையும் வண்டிக்கு முன்பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

லீசிங் வண்டிக்கு முழுக் காப்புறுதி போட்டே ஆக வேண்டும். தவணை மட்டும்தான் செலவு என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தவணை, முழுக் காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, சேர்விஸ், பெற்றோல் என எல்லாவற்றின் ஒரு வருடச் செலவையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அந்தத் தொகையைச் சம்பளத்தில் இருந்து எடுத்து வைத்துவிட்டு இரண்டு மாதம் வாழ்ந்து பாருங்கள். இடைஞ்சல் இல்லை என்றால் மீட்டியோர் வாங்குங்கள். இடைஞ்சல் என்றால் அந்த இரண்டு மாதக் காசும் உங்கள் கையிலேயே இருக்கும்.

பழைய பெனலி எழுதியது:

கணக்கர் சொன்ன இரண்டு மாதப் பரீட்சை எனக்குப் பிடித்தது. முறிகண்டிக்காக வண்டி என்று தம்பி சொன்ன பிறகு 125 வாங்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கடன் வேண்டாம் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். தவணை தவறி, விருப்பத்தோடு வாங்கிய வண்டியைப் பறிகொடுத்த பிள்ளைகளை எங்கள் பகுதியில் கண்டிருக்கிறேன். கையிலுள்ள காசுக்குள் வரும் குறூசரையே வாங்குங்கள்.

கொக்குவில்காரன் எழுதியது:

கணக்கர் அண்ணா சொன்னபடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மாதம் காத்திருக்கத் தேவைப்படவில்லை, கடதாசியிலேயே தெரிந்துவிட்டது. பிள்ளையின் ரியூசன் காசில் கை வைக்க வேண்டி வரும். மீட்டியோர் இப்போது இல்லை.

ஆனால் நண்பர் ஒருவரின் அவெஞ்சர் 220 வண்டியில் கொடிகாமம் வரை இருவருமாகப் போய் வந்தோம். பின்னிருக்கை அக்காவுக்குத் தனி நன்றி. நான் இருந்தவுடன் கை தானாக ஹாண்டிலில் போய் இருந்தது, தோள் இறங்கியது. முதல் திருப்பங்களில் கால்மிதியைத் தேடிக் கால் பின்னால் போனது, கைதடிச் சந்திக்குள் அது பழகிவிட்டது. மனைவி மீசாலைப் பக்கம் வரும்போது "இடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனால் முழங்கால் உயர மடிந்திருக்கிறது" என்றார். அவர் என்னைவிட உயரம். பின் கால்மிதியை ஒரு அங்குலம் இறக்க முடியுமா, திருகுசாவி அண்ணா?

ஆக, பாவித்த 220 என்று முடிவு செய்துவிட்டோம். எதைப் பார்த்து வாங்குவது? ஜப்பானிய 250 வண்டிகளை முற்றாக விட்டுவிடலாமா?

திருகுசாவி எழுதியது:

கால்மிதியின் தாங்கியை மாற்றி இறக்கலாம். ஆனால் சைலன்சர் பக்கம் இடம் இருக்கிறதா என்று வண்டியைப் பார்த்துத்தான் சொல்வேன். இருக்கைக்கு மேலே ஒரு அங்குலப் பஞ்சு வைப்பது அதைவிட எளிது. முழங்கால் மடிப்பும் குறையும்.

ஜப்பானிய வண்டிகள்: யமஹா விராகோ 250, இரண்டு சிலிண்டர், இருக்கை 685 மில்லிமீற்றர். ஓட்டுவதற்கு அதைப்போல மென்மையான வண்டி குறைவு. ஹொண்டா ரெபெலும் அப்படியே. ஆனால் ஒரு பக்கிங் போனாலும் கொழும்புக்குச் சொல்லி அனுப்பி, அங்கும் இல்லாவிட்டால் வெளியே இருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர்களுக்கு அது சரி. நாளும் வேலைக்குப் போகும் உங்களுக்கு வேண்டாம்.

அவெஞ்சர் 220 எஞ்சின், பல்சர் 220 எஞ்சினின் வழி வந்தது. யாழ்ப்பாணத்தில் பல்சர் பிரிக்கத் தெரியாத கராஜ் இல்லை, உதிரிப்பாகம் இல்லாத கடையும் குறைவு. இதற்காகவே நான் இந்த வண்டியைச் சொல்கிறேன்.

இப்போது பார்க்க வேண்டியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். ஆகவே சந்தையில் இருக்கும் பாவித்த 220 வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முன் வந்தவை. மீற்றரில் ஓட்டம் குறைவாக இருந்தாலும் றப்பர் பாகங்களுக்கு வயது போயிருக்கும். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம் செய்தது. ரயரின் பூ (தரையில் படும் பள்ளக்கோடுகள்) நன்றாக இருந்தாலும் அந்த ரயரை நம்பி ஏ9 வீதியில் இறங்க வேண்டாம். பின் ரயர் 130/90-15 அளவு. எல்லாக் கடையிலும் இராது, விலையும் சாதாரண ரயரைவிட அதிகம். புது ரயரின் விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு, பேரத்தில் அதைக் கழியுங்கள்.

முன் ஷொக்கின் பளபளப்பான குழாயை விரலால் தடவுங்கள். ஒயில் ஒட்டினால் சீல் போய்விட்டது. அதே குழாயில் உப்புத் துருவின் சிறு புள்ளிகள் நகத்தில் தட்டுப்பட்டால், புது சீல் போட்டாலும் அந்தப் புள்ளிகள் அதைக் கிழித்துவிடும். துருவேறிய குழாய் என்றால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள். பிறகு முன் சில்லு காற்றில் நிற்கும்படி வண்டியைத் தாங்கி வைத்து, ஹாண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். நடுவில் வந்ததும் ஒரு தடக்கு வந்து நின்றால் கழுத்துப் பெயரிங் தேய்ந்திருக்கிறது. நீளமான குறூசரில் இந்தத் தேய்வு இருந்தால் வளைவில் வண்டி தன்பாட்டில் இழுக்கும்.

இந்த எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இரண்டு. கைக்கு எட்டுவதை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்ட வண்டிகள் என்னிடம் நிறைய வருகின்றன. இரண்டையும் கழற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறத்தில், மண்ணிறமாக இருக்க வேண்டும். ஒன்று கரிபிடித்து ஒயில் ஈரத்தோடு இருந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. முன்னால் இருக்கும் ஒயில் கூலரின் இரண்டு குழாய் முனைகளிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். செயின் ஸ்பொக்கட்டின் பற்கள் ஒரே பக்கம் சாய்ந்து கூராக இருந்தால் முழு செட்டும் மாற்ற வேண்டும்.

கைதடிக் கணக்கர் எழுதியது:

வண்டியைத் திருகுசாவி பார்த்துக்கொள்வார், நான் கடதாசிக்கு வருகிறேன். பதிவுச் சான்றிதழில் இருக்கும் எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். சான்றிதழில் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து பெயர் நீக்கப்படும் வரை முழுக் காசும் கொடுக்க வேண்டாம். விற்பவர் சான்றிதழில் உள்ள உரிமையாளரா என்று அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். தரகர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தை நீட்டி "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். விபத்து நடந்தால் அலைவது நீங்கள்தான்.

அடுத்தது உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம். இப்போது ஓடுவது 100 சிசி என்றீர்கள். அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏ1 வகுப்பு மட்டும் என்றால் அது 100 சிசி வரைதான். 220 ஓட்ட ஏ வகுப்பு வேண்டும். அது இல்லாமல் ஓடினால் காப்புறுதியும் கைகொடுக்காது.

கொக்குவில்காரன் எழுதியது:

பார்த்தேன், ஏ வகுப்பு இருக்கிறது. சுன்னாகத்தில் ஒரு 220, மருதனார்மடத்தில் ஒன்று. இரண்டுமே உரிமையாளரின் பெயரில், லீசிங் இல்லை. சுன்னாகத்து வண்டி கறுப்பு, குறோம் குறைவு, சேலைக் காப்புக் கம்பியும் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். திருகுசாவி அண்ணா, உங்களால் வர முடியுமா?

திருகுசாவி எழுதியது:

வருகிறேன். காலை ஏழு மணிக்குச் சுன்னாகத்துக்கே போவோம். இன்றே விற்பவருக்கு அழைத்து, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரவு முழுதும் ஆறிய எஞ்சினை நானே ஸ்டார்ட் செய்து முதல் புகையைப் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம், அங்கிருந்து நேராக மருதனார்மடம் போகலாம். மனைவியும் வரட்டும், இருக்கைக்கு எவ்வளவு பஞ்சு வைக்க வேண்டும் என்று அங்கேயே அளந்துவிடுகிறேன்.